மிலெம்பேக்கு அனுப்பிய ரிப்பன்

மார்ச் 5, ஞாயிறு

பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சிஸ்டர் ஜெனோவா அனுப்பிய படம் போனில் வந்திருந்தது. மிலெம்பேக்கு மொட்டை அடித்திருக்கிறார்கள்.

பின்னால் இதை யார் படித்தாலும் குழப்பம் வேண்டாம். மிலெம்பே மகங்கா டான்சானியாவில் கிசெலே என்ற கிராமத்துப் பெண். பதினேழு வயது. அவளுடைய படிப்புச் செலவை மூன்று வருடமாக நான் ஏற்றிருக்கிறேன். அங்கே மிஷன் பள்ளியின் விடுதியைக் கவனிக்கும் சிஸ்டர் ஜெனோவா நம் புன்னைக்காயல்காரர். எங்கள் பங்கின் மாதா சபை அந்தப் பள்ளியில் இப்போது ஒன்பது பெண்களைப் படிக்கவைக்கிறது. சபைக்குத் தலைவி நான், எமரென்சி மச்சாடோ.

முன்பு வந்த படங்களிலும், மாதாமாதம் பேசும் வீடியோவிலும் மிலெம்பே பாடகர் குழுவின் வெள்ளைத் தலைத்துணியோடு இருப்பாள். இது நவம்பரில் அவள் எழுதப்போகும் அரசுத் தேர்வுக்காக எடுத்த படம். காதும் தலையும் பளிச்சென்று தெரிகின்றன.

"டைபாய்டா இருக்குமோ?" என்றேன்.

"வேளாங்கண்ணிக்கு நேந்திருப்பாளோ மைனி," என்றாள் மேபல். மறைந்த என் கணவரின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளாமல் என்னோடு இருக்கிறாள். ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "எங்க மைனியப் பாத்த பொறவு ஒரு வீட்டுக்கு மருமகளாப் போவ தைரியம் வரல," என்பாள்.

சிஸ்டரைக் கூப்பிட்டேன். அவர் சிரித்தார்.

"காய்ச்சலும் இல்ல, நேர்ச்சையும் இல்ல ஆன்ட்டி. இங்க எல்லாப் பொம்பளப் பிள்ளையளுக்கும் இப்படித்தான். பள்ளிக்கூடத்துல சேர்ந்த அன்னைக்கு எடுத்தா, படிப்ப முடிச்சிட்டுப் போற அன்னைக்குத்தான் வளர்ப்பாவ."

"தண்டனை பெற்றவள் போல இருக்கிறாள், சிஸ்டர்."

"அப்போ நானூறு பேரும் தண்டனையிலதான் இருக்காவ."

நான் படித்த கான்வென்டில் இரட்டைப் பின்னல். மதர் லியோனி காலையில் வரிசையாக நிறுத்தி, ரிப்பன் மடிப்பு இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று அடிக்கோலால் பார்ப்பார். எண்ணெய் வைக்காமல் வந்தால் வெளியே நிற்க வேண்டும். ஒழுங்கு என்றால் அது. வழித்துவிடுவது ஒழுங்கு அல்ல, சோம்பேறித்தனம்.

ஆனாலும் அவர்கள் ஊர், அவர்கள் பழக்கம். விட்டுவிட்டேன்.

மார்ச் 13, திங்கள்

மதுரைக்குப் போய்வந்தோம். ஜனவரியில் மார்பிலிருந்து எடுத்த கட்டிக்கு மேற்கொண்டு செய்யவேண்டிய சிகிச்சை இன்று ஆரம்பம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றுவார்கள். டாக்டர் சின்னப் பெண். நன்றாகப் பேசுகிறாள், கையெழுத்துதான் கோழி கிளறியது போல.

"முடி கொட்டும்மா. ஃபுல்லாவே போயிரும். பட் டிரீட்மெண்ட் முடிஞ்சதும் திரும்ப வளந்துரும், ஃபீல் பண்ணாதீங்க."

முடிக்காகக் கவலைப்படும் வயதை நான் எப்போதோ தாண்டிவிட்டேன் என்று சொன்னேன். அவள் என் கொண்டையை ஒரு நொடி பார்த்தாள். இன்னமும் பாதிக்குமேல் கறுப்புதான். அவிழ்த்துவிட்டால் இடுப்புக்குக் கீழே போகும். பார்க்கிறவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள்.

வீட்டுக்கு வந்து சிஸ்டர் ஜெனோவாவைக் கூப்பிட்டேன். மிலெம்பேயின் தலையில் இனிமேல் கத்தி படக்கூடாது, நான் படிக்கவைக்கும் பெண் முடியோடு இருக்க வேண்டும், இதை மாதா சபைத் தலைவி சொன்னதாகத் தலைமையாசிரியையிடம் சொல்லுங்கள் என்றேன்.

"ஆன்ட்டி, இது ரூல்."

"விதி என்றால் விலக்கும் இருக்கும்."

"எல்லாரும் ஒண்ணுபோல இருக்கணும்ணு வச்சது. ஒருத்திக்கு மட்டும் விட்டா..."

"கேட்டுப்பாருங்கள், சிஸ்டர்."

போனை வைத்தபோது மேபல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 14, செவ்வாய்

வாந்தி. வேறு விசேஷம் இல்லை.

மார்ச் 19, ஞாயிறு

தலைமையாசிரியை ஒத்துக்கொண்டார். "முழு மனசோட இல்ல ஆன்ட்டி. ஒம்போது பிள்ளையள நெனச்சுத் தலையாட்டினாங்க," என்றார் சிஸ்டர். முழு மனதோடு செய்யவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நம் ஊரிலிருந்து இன்னொரு சிஸ்டர் அங்கே போகிறார். அவர் கையில் சாட்டின் ரிப்பன், நீலத்தில் ஒரு சுருளும் வெள்ளையில் ஒரு சுருளும், இரண்டு பாட்டில் தேங்காயெண்ணெய், ஒரு சீப்பு, எல்லாம் கொடுத்தனுப்பினேன். எண்ணெய் கசியாமலிருக்க மூடிக்கு மேல் மெழுகு உருக்கி ஊற்றினேன். மேபல் கட்டியிருந்தால் வழியிலேயே கொட்டியிருக்கும்.

மார்ச் 31, வெள்ளி

குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை. பிளம்பரைக் கூப்பிடு என்றேன். பிளம்பர் வேண்டாம், நானே எடுத்துடுதேன் என்றாள் மேபல். கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளே இருந்தாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. அந்தப் பினாயில் ரொம்ப காரம், வேறு மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 2, குருத்து ஞாயிறு

பெட்டியிலிருந்து அம்மாவின் கறுப்பு லேஸ் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். ஊசியால் நன்றாகக் குத்தி, நெற்றிவரை இறக்கி. முப்பது வருடமாக இங்கே யாரும் லேஸ் போடுவதில்லை. வாசலில் திருமதி கர்வாலோ என் கையைப் பிடித்துக்கொண்டு, "தவசு காலத்த இப்படித்தான் அனுசரிக்கணும். ஒங்களப் பாத்து நாங்கல்லாம் படிக்கணும்," என்றாள்.

"கொஞ்சம் காத்தடிச்சா நல்லாப் படிச்சிருப்பா," என்றாள் மேபல், வழியெல்லாம்.

சிகிச்சை நடப்பது பங்குச்சாமிக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

மிலெம்பே வீடியோவில் பேசினாள். மாதத்தில் ஒரு ஞாயிறு சிஸ்டரின் போனில் பேசுவாள். ஆங்கிலத்தில்தான். முதல் வருடம் என்னை 'பீபி' என்று கூப்பிட்டாள். அவர்கள் மொழியில் பாட்டியை அப்படிச் சொல்வார்களாம். நான் யாருக்கும் பாட்டி இல்லை, மேடம் என்றால் போதும் என்றேன். அன்றிலிருந்து மேடம்தான்.

முடி ஒரு விரற்கடை வந்திருக்கிறது. கறுப்பு வெல்வெட் தொப்பி மாதிரி. முகமே மாறிவிட்டது.

"சீப்பு இறங்கவில்லை, மேடம். எங்கள் முடிக்கு அந்தப் பற்கள் மிகவும் நெருக்கம்," என்றாள். "எண்ணெய் சமையலுக்கு என்று நினைத்து விடுதிச் சமையற்காரம்மா பீன்ஸில் ஊற்றிவிட்டார்கள். ருசியாக இருந்தது."

படிப்பு எப்படி என்றேன். கணக்கில் முதலிடம். நிலம் அளக்கும் படிப்பு படிக்க வேண்டுமாம். அவர்கள் கிராமத்துக்கு முக்காலியும் தூரநோக்கியுமாக வந்த ஒருத்தர், எட்டத்தில் நின்றபடியே மேட்டின் உயரத்தைச் சொன்னாராம். அன்றிலிருந்து அந்த ஆசை. இரண்டு வாக்கியத்தில் வினைச்சொல்லை விழுங்கினாள். திருத்தினேன்.

"கூட இருக்கும் பெண்கள் என்ன சொல்கிறார்கள், முடியைப் பார்த்து?"

அவள் சிஸ்டர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "தொட்டுப் பார்க்கிறார்கள், மேடம்," என்றாள்.

மே 28, ஞாயிறு

தலை முழுக்க வரிவரியாகப் பின்னியிருக்கிறாள். நெற்றியிலிருந்து பின்கழுத்துவரை, உழுத வயலில் பாத்தி பிடித்ததுபோல் அத்தனை நேர்த்தி. நுனிகளில் என் நீல ரிப்பன். மதர் லியோனியின் அடிக்கோலுக்கே வேலை இருந்திருக்காது.

பின்ன ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆகிவிட்டது, அந்த வாரம் வேதியியல் படிக்கவில்லை என்றாள். அடுத்த முறை சீக்கிரம் முடியும் என்றேன். படத்தை மேபலிடம் நீட்டினேன்.

"அழகாத்தான் இருக்கா. பொண்ணு பாக்க வந்தா தட்டில காப்பி கொண்டுவருவாள்ல, அதுமாதிரி," என்றாள்.

படத்தை மேபல் பார்த்தது ஒரு நிமிடம். நான் சாப்பிட்டுவிட்டு மறுபடி பார்த்தேன். பின்னல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஜூன் 5, திங்கள்

ஐந்தாவது தடவை. நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள். மூன்றாவது தடவை அந்த நர்ஸிடம், தாயே, இடது கையைப் பார் என்று நானே காட்டினேன். கிடைத்தது.

மிலெம்பேக்கு அரையாண்டு விடுமுறை. கிசெலேக்குப் போயிருக்கிறாள்.

ஜூன் 27, செவ்வாய்

நேற்று கடைசி மருந்தும் ஏற்றியாகிவிட்டது. இன்று படுத்திருக்கும்போது சிஸ்டர் கூப்பிட்டார். மேபல் எடுத்தாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து, ஸ்பீக்கரில் போடு என்றேன்.

மிலெம்பேக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள்.

"ஊருக்குள்ள பின்னல் போட்டுட்டு இறங்கியிருக்கா ஆன்ட்டி. பாத்தவங்கல்லாம், மகங்கா மக படிப்ப நிறுத்திட்டா, வீட்டுக்கு வந்துட்டான்னு பேசிட்டாங்க. அடுத்த ஊர்ல மாவு மில் வச்சிருக்கவன் ஒருத்தன், ரெண்டாவது வாரமே ஆளுங்களோட வந்துட்டான். பொண்ணுக்கு எத்தன மாடு குடுக்கணும்ணு பேசி, நாள் குறிக்கிற வரைக்கும் வந்துட்டு."

"அவள் பள்ளியில் படிக்கிற பெண்."

"தலைய வழிச்ச பிள்ளைய இங்க ஒரு ஆம்பள ஏறெடுத்துப் பாக்க மாட்டான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையக் கட்டினா ஜெயிலு. அந்த மொட்டைதான் அவளுக்கு அடையாளம். அது இல்லாமப் போச்சுன்னா அவ பொண்ணு கேக்க ஏத்த பொண்ணு."

"அவள் அப்பாவுக்குத் தெரியாதா?"

"அவரு சொல்லுதாரு, முடி வளக்கச் சொன்னதே இந்தியாவுல இருந்து அந்த அம்மாதானே, பணம் கட்டுறவங்களே வளக்கச் சொன்னா, படிச்சது போதும்னுதானே அர்த்தம்னு. தப்பா நெனைக்காதிய ஆன்ட்டி. அவரு நல்ல மனுசன். ஒங்க சொல்லுக்கு மரியாதை குடுத்துத்தான் சம்மதிச்சிருக்காரு."

"நான் சொன்னது முடியைப் பற்றி. படிப்பைப் பற்றி அல்ல."

"அங்க ரெண்டும் ஒண்ணுதானாம் மைனி," என்றாள் மேபல்.

தலைமையாசிரியை அதிகாரிகளிடம் போகத் தயாராக இருக்கிறாராம். போனால் தகப்பனையும் சேர்த்துப் பிடிப்பார்கள், பெண்ணுக்குத் திரும்பிப் போக வீடு இருக்காது, ஞாயிறுவரை பொறுங்கள் என்று சிஸ்டர் தடுத்துவைத்திருக்கிறார். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. அன்று வரவில்லை என்றால் தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இருக்காது.

"மிலெம்பே என்ன சொல்கிறாள்?"

"அழுதா. மேடத்துக்குப் பிடிக்கும்னுதான் வளத்தேன், மேடம்கிட்ட சொல்லுங்கன்னு சொன்னா."

ஜூன் 28, புதன்

என் முடிவில் தவறு இருந்தது என்று சொல்ல மாட்டேன். தகவல் போதவில்லை.

ஜூன் 29, வியாழன்

சிஸ்டர் தகவல் கொடுத்திருந்தார். மார்ச் ஐந்தாம் தேதி எழுதியதைப் பார்த்தேன். 'படிப்ப முடிச்சிட்டுப் போற அன்னைக்குத்தான் வளர்ப்பாவ.' என் கையெழுத்தில்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மகங்காவிடம் நானே பேசுகிறேன் என்று சிஸ்டருக்குச் சொல்லிவிட்டேன். மேபல் கஞ்சி வைத்தாள். உப்பு இல்லை. குடித்தேன்.

ஜூலை 2, ஞாயிறு

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

பூசையிலிருந்து வந்து முக்காட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்தேன். மேபல் போனைப் பிடித்துக்கொண்டாள். அங்கே காலை. சிஸ்டர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து கிசெலேவரை போயிருந்தார். ஒரு மாமரத்தடியில் மகங்கா மர நாற்காலியில் இருந்தார். தொப்பி, சட்டையில் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். மிலெம்பே ஓரத்தில் மண்டியிட்டு எனக்கு வணக்கம் சொன்னாள். பின்னலில் என் ரிப்பன்.

நான் உடனே விஷயத்துக்கு வரப் பார்த்தேன். மகங்கா விடவில்லை. முதலில் என் உடல்நலம் கேட்டார். பிறகு மழை, வீடு, மாடுகள்.

"மாடு இல்லை என்று சொல்லுங்கள். மேபல் இருக்கிறாள்."

சிஸ்டர் என்ன சொன்னாரோ, அங்கே எல்லாரும் சிரித்தார்கள். மேபல் கையை ஆட்டினாள், அதற்கும் சிரித்தார்கள்.

பிறகு சொன்னேன். அவள் படிப்பு முடியவில்லை. நவம்பரில் தேர்வு இருக்கிறது. முடியை வளர்க்கச் சொன்னது என் ஆசை, அதற்கு வேறு பொருள் இல்லை. இன்றே எடுத்துவிட்டு நாளைக்குப் பள்ளிக்கு அனுப்புங்கள்.

மகங்கா கேட்டுக்கொண்டார். மெதுவாகப் பதில் சொன்னார். சிஸ்டர் தமிழில் சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது.

"மில்லுக்காரன் ஆளுங்க வந்து பிள்ளையப் பின்னலோட பாத்துட்டுப் போய்ட்டாங்களாம் ஆன்ட்டி. இப்ப வழிச்சா, வந்தவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி. இல்லன்னா வீட்டுல சாவு விழுந்துட்டான்னு கேப்பாங்களாம். துக்கத்துக்குத்தான் இப்படி நடுவுல எடுப்பாங்க. ரெண்டுல எதைச் சொன்னாலும் அவருதான் பதில் சொல்லணும். உங்க வார்த்தைய நான் நம்புதேன், ஆனா போன்ல வந்த வார்த்தைய வச்சு அவங்ககிட்ட என்ன சொல்லன்னு கேக்காரு."

"சொன்ன சொல்லை மாற்றிக்கொண்டேன் என்று சொல்லட்டும்."

"பணம் குடுக்கவ இன்னைக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணு சொல்லுவா, அதுக்கு நாங்க ஆடணுமான்னு அந்தப் பக்கம் கேப்பாங்களாம். அவரு சொல்றது நெசம் ஆன்ட்டி."

நெசம்தான். மிலெம்பே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கோழி குறுக்கே போயிற்று.

நான் முக்காட்டின் ஊசிகளைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"மைனி," என்றாள் மேபல்.

"போனை ஆட்டாமல் பிடி."

நான்கு ஊசி. லேஸை மடித்து மடியில் வைத்தேன். மார்ச் மாதத்துக்குப் பின் மேபலையும் ஆஸ்பத்திரிக்காரர்களையும் தவிர யாரும் பார்க்காதது. போனின் மூலையில் சின்னக் கட்டத்தில் நானும் தெரிந்தேன். புருவமும் இல்லாததால் ஏதோ மெழுகுப் பொம்மை மாதிரி. நான் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு மகங்காவைப் பார்த்தேன்.

அவர் எழுந்துவிட்டார். தொப்பியை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டார். பின்னால் இருந்தவர்களும் எழுந்தார்கள். ஏதோ கேட்டார். சிஸ்டர் வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நான் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் சொன்னார்.

"யாரு செத்தாங்கன்னு கேக்காரு."

"யாரும் சாகவில்லை என்று சொல்லுங்கள். இன்னும் இல்லை. மருந்து எடுக்கிறேன். மருந்தினால் போயிற்று. அதையும் சொல்லுங்கள்."

சிஸ்டர் சொன்னார். மகங்கா தன் அண்ணனிடம் திரும்பிப் பேசினார். நடுவில் ஒரு முதிய பெண்மணியும் பேசினார், அதுவும் உரக்க. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசியில் மகங்கா உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, அவரு சொல்லுதாரு: இந்தப் பிள்ளையப் படிக்க வைக்கிறவ இவளுக்கு அம்மா முறை. அந்த அம்மா தலை இப்படி இருக்கையில மக பின்னல் போட்டு ரிப்பன் கட்டி நின்னா ஊரு என்னையத்தான் கேக்கும். அவங்க முடி திரும்புற வரைக்கும் இந்த வீட்டுல விருந்து கெடையாது, கல்யாணம் கெடையாது. மில்லுக்காரனுக்கு இத அப்படியே சொல்லிருவேன். இதுக்கு எதிர்ப்பேச்சுப் பேச அவனுக்கு வாய் வராது. நான் மாட்டேன்னு சொன்னதாவும் இருக்காது."

"அது போதுமா?"

"போதுமாம். ஆனா ஒண்ணு கேக்காரு. மருந்து முடிஞ்சா முடி எப்ப வரும்னு."

"நவம்பர் போகிறவரை வராது."

"டாக்டர் சொன்னாங்களா ஆன்ட்டி?"

"நான் சொல்கிறேன். சொல்லுங்கள், சிஸ்டர்."

மகங்காவே பிளேடு எடுத்துவரச் சொன்னார். ஒரு சட்டியில் தண்ணீர் வந்தது. பின்னலை அவிழ்க்கவில்லை, அப்படியே அடியோடு எடுத்தார்கள். ரிப்பனோடு ஒவ்வொன்றாக விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மிலெம்பே கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்தாள்.

"மேடம், உங்களுக்குக் குளிராதா?" என்றாள்.

"தூத்துக்குடியில் யாருக்கும் குளிர்வதில்லை. ஆடாமல் இரு."

முடிந்ததும் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இடது காதுக்கு மேலே ஒரு பிடி விட்டுப்போயிருந்தது. சிஸ்டரிடம் சொல்லி மறுபடி எடுக்க வைத்தேன்.

ஜூலை 3, திங்கள்

பள்ளிக்கு வந்துவிட்டாள்.

ஜூலை 24, திங்கள்

மதுரை. பரிசோதனைகள் எல்லாம் நல்லபடி என்றாள் டாக்டர். எவ்வளவு நாளைக்கு நல்லபடி என்று கேட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே போகலாம் என்றாள். அது நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. வரும் வழியில் கோவில்பட்டியில் மேபல் கடலை மிட்டாய் வாங்கினாள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

மாதா விண்ணேற்புத் திருநாள். மாதா சபையில் நான்கு பேர் கறுப்பு லேஸ் முக்காடு போட்டு வந்திருக்கிறார்கள். திருமதி கர்வாலோவுடையது தைக்கும்போதே கோணல்.

செப்டம்பர் 9, சனி

காலையில் மேபல் காப்பியை வைத்துவிட்டு என் பின்னால் நின்றாள். கையை என் தலையில் வைத்துத் தடவினாள்.

"மைனி. வந்துட்டு. குருவிக்குஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கு. மாதாவே."

கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை. ஆனால் முடிதான், சந்தேகம் இல்லை. நெடுநேரம் பார்த்தேன்.

"பிளேடு வாங்கி வா," என்றேன்.

அவள் கேட்டது புரியாதவள்போல் நின்றாள். பிறகு கத்த ஆரம்பித்தாள். "ஆறு மாசம் சாக்கடைய நான்லா தோண்டினேன். வந்தத வழிக்கணுமாம். கடலு தாண்டி எவம் பாக்கான் ஒங்க மண்டைய?"

"நவம்பர் போகிறவரை வராது என்று சொல்லியிருக்கிறேன்."

"சொன்னா? அவங்களுக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

மத்தியானம் குளியலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் அழுதுகொண்டே எடுத்தாள். ஒரு கீறல்கூட விழவில்லை. அவளுக்கு இவ்வளவு நிதானம் இருக்கும் என்று இத்தனை வருடமும் எனக்குத் தெரியாது. அதைச் சொன்னேன். மூக்கைச் சிந்திவிட்டு, "திரும்புங்க, அந்தப் பக்கம்," என்றாள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

முன்னறிவிப்பு இல்லாமல் வீடியோ வந்தது. மில்காரனின் அத்தையாம். பெற்றோர் பார்க்கும் நாள் என்று பள்ளிக்கே வந்துவிட்டார். மகங்கா சொன்னதை அவர்கள் முழுதாக நம்பவில்லை, இந்திய அம்மாவைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று சிஸ்டரைப் பிடித்துக்கொண்டாராம். நல்ல உயரம், பூப்போட்ட துணி, நேர்ப் பார்வை. எனக்குப் பிடித்திருந்தது.

முக்காட்டை எடுத்தேன். முன்னால் குனிந்து பார்த்தார். நான் பக்கவாட்டிலும் திருப்பிக் காட்டினேன். நேற்றுத்தான் மேபல் மறுபடி எடுத்திருந்தாள்.

அவர் ஏதோ சொன்னார். "சீக்கிரம் குணமாகணும்னு சொல்லுதாங்க," என்றார் சிஸ்டர். "அப்பொறம், அவங்க பையன் அதுவரைக்கும் காத்திருக்க மாட்டான், வேற எடம் பாப்பாங்களாம்."

"என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள்."

நவம்பர் 13, திங்கள்

இன்று தேர்வு ஆரம்பம். காலை ஏழரைக்கு அவளுக்காக ஒரு ஜெபமாலை சொன்னேன். பிறகு அடுக்களை அலமாரியைத் துடைத்தேன். மேல்தட்டில் இருந்த மசாலா டப்பாக்கள் எல்லாவற்றுக்கும் மூடி மாறியிருந்தது. மேபல் வேலை.

நவம்பர் 29, புதன்

நேற்றுக் கடைசித் தாள் முடிந்தது. கணக்கு நன்றாக எழுதியதாகச் சொன்னாள். ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டபோது வேதியியலைப் பற்றிப் பேசினாள்.

வீடியோவில் பக்கத்தில் மகங்காவும் இருந்தார், மகளை அழைத்துப்போக வந்திருக்கிறார். மழை நன்றாகப் பெய்கிறதாம். மேபல் சுகமா என்று கேட்டார். பிறகு சிஸ்டரிடம் வெகுநேரம் பேசினார்.

"மேல ரெண்டு வருசம் படிக்கணும்ணு பிள்ளை ஒத்தக் கால்ல நிக்கா ஆன்ட்டி. பாஸ் ஆனா, வேற பள்ளிக்கூடம், தூரம். அவருக்கும் ஆசைதான். ஆனா ரிசல்ட் வந்து எடம் கெடைக்கிறதுக்குள்ள மாசக்கணக்கா வீட்டுல இருக்கணும். இப்பவே இன்னொருத்தரு கேட்டு விட்டிருக்காராம். அவருகிட்டயும் அதே பதிலச் சொல்லலாமான்னு ஒங்ககிட்ட கேக்காரு."

"எந்தப் பதில்?"

"இந்திய அம்மாவுக்கு இன்னும் முடி வரலன்னு."

மிலெம்பே முன்னால் வந்தாள். தலை சுத்தமாக, ஒழுங்காக எடுத்திருந்தது, இரண்டு பக்கமும். "மேடம், இரண்டு வருடம் அதிகமா?" என்றாள்.

மேபல் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அடுத்த பரிசோதனைக்கு மதுரைக்குப் போக வேண்டிய தேதி காலண்டரில் வட்டமிட்டிருக்கிறது. எனக்கு எழுபத்துநான்கு வயது முடியப்போகிறது. டாக்டர் மூன்று மாதத்துக்கு மேல் வாயைத் திறப்பதில்லை.

"அதிகம் இல்லை," என்றேன். "மகங்காவிடம் சொல்லுங்கள், சிஸ்டர். இரண்டு வருடத்துக்கு வராது."

சாயந்திரம் மேபல் கடைக்குக் கிளம்பினாள். பிளேடு ஒன்றிரண்டாக வாங்காதே, பெட்டியாக வாங்கு என்றேன்.